‘டிடெக்ட் ஆகல’: கைப்புத்தகத்துக்கு ஒரு சொல் வேண்டும்

பாலக்கோட்டிலிருந்து:

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். பள்ளியில் வன்பொருள் பயிற்சிக்காக ஒரு சின்னக் கைப்புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். மூன்றாம் பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். வீட்டுக் கணினியைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை வருகிறது, ஹார்ட் டிஸ்க் மட்டும் டிடெக்ட் ஆகவில்லை. இதுதான் பாடம். ‘வன்தட்டு கண்டறியப்படவில்லை’ என்று தலைப்பு வைத்து வகுப்பில் படித்தேன். பின்வரிசைப் பெண் ஒருத்தி, “யார் மிஸ் கண்டறியணும்?” என்றாள்.

நியாயமான கேள்வி. செயப்பாட்டு வினை ஆளை ஒளித்துவிடுகிறது. ஒளிந்திருப்பவர் யார் என்று தெரிந்தால்தானே பழுது பார்க்க முடியும்? நல்ல சொல்லாக ஒன்று தாருங்கள். கேபிள், போர்ட் (கேபிள் செருகும் இடம்), பயாஸ் (கணினியைப் போட்டதும் முதலில் ஓடும் நிரல்) எல்லாம் அப்படியே இருக்கட்டும். அவற்றில் சண்டை வேண்டாம்.

தருமபுரியிலிருந்து:

அம்மையீர், வினைக்கு முன் பெயரைச் சரிசெய்வோம். ‘வன்தட்டு’ புணர்ச்சிக்கு ஒவ்வாது. னகர மெய்யின் முன் வரும் தகரம் றகரமாகும். ‘னலமுன் றனவும்’ என்ற நன்னூல் சூத்திரம் நினைவிருக்கும். சுந்தரரை வன்றொண்டர் என்கிறோம், வன்தொண்டர் என்றா எழுதுகிறோம்? ஆகவே வன்றட்டு. அது காதில் இடித்தால் வன்றகடு என்று வைத்துக்கொள்ளலாம். சி.டி.க்குக் குறுந்தகடு ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. ஹார்ட் டிஸ்குக்குள் சுழல்வதும் அலுமினியத்திலோ கண்ணாடியிலோ செய்த தகடுதான். தகடூரில் (தருமபுரியின் பழைய பெயர்) உட்கார்ந்துகொண்டு தகட்டை விட்டுவிட்டுத் தட்டைப் பிடிப்பானேன்? அதியமான் கேட்டால் என்ன நினைப்பான்!

பென்னாகரத்திலிருந்து:

> ஆகவே வன்றட்டு.

ஐயா, வன்றட்டு என்று எழுதினால் உலகத்தில் ஒருவரும் அதைத் தேட மாட்டார்கள். வன்வட்டு என்று வைத்தால் புணர்ச்சிச் சிக்கலே இல்லை. (சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.க்குள் வட்டும் கிடையாது, தகடும் கிடையாது. அது வேறு இழை.)

வினைக்கு வருகிறேன். டிடெக்ட் லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கே அதற்கு ‘மூடியதை நீக்கு, கூரையைப் பிரி’ என்று பொருள். இப்போது தமிழைப் பாருங்கள். தொல்காப்பியம் புறத்திணையியலில், வெட்சித் துறைகளில் ‘வேய்’ என்று ஒன்று வருகிறது. ஆநிரை கவரப் போகுமுன் ஒற்றர் அறிந்துவரும் செய்தி அது. அதே வேய்தான் கூரை வேய்வதும்! உளவுக்கும் கூரைக்கும் அங்கேயும் ஒரே வேர், இங்கேயும் ஒரே வேர். இது தற்செயலா? நம் மாவட்டத்தில் ஆநிரைப் பூசலில் விழுந்தவர்களின் நடுகற்கள் எத்தனை! தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தியிருக்கிறார்களே, அந்த வீரர்களில் பாதிப்பேர் வேய் கிடைத்த பிறகு கிளம்பியவர்களாகத்தான் இருப்பார்கள். டிடெக்ட் = வேயறி. ‘வன்வட்டு வேயறியவில்லை.’ குறளில் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. நமக்குச் சொல் பஞ்சமா?

ஓசூரிலிருந்து:

தம்பி, ‘வேயறியவில்லை’ என்று போட்டால் பிள்ளைகள் தென்னங்கீற்று வாங்கப் போய்விடுவார்கள். தற்செயலா என்று கேட்டீர்கள். ஆமாம், தற்செயல்தான். கூரை வேய்வது மூடுவது. லத்தீனில் இருப்பது மூடியைத் திறப்பது. நேர் எதிர்.

நான் மென்பொருள் மொழிபெயர்ப்பில் இருப்பவன். கவலை வேறு. ‘வைரஸ் டிடெக்டட்’, ‘லாங்குவேஜ் டிடெக்டட்’ எல்லாவற்றுக்கும் ‘கண்டறி’ என்று பழைய கோப்புகளில் பரவிக் கிடக்கிறது. ஓரிடத்தில் மாற்றினால் ஒன்பது இடத்தில் இடறும். அப்புறம் நீளம். ‘கண்டறியப்படவில்லை’ 11 எழுத்து, சின்னப் பெட்டிக்குள் அடங்காமல் வால் வெட்டுப்பட்டு ‘கண்டறியப்பட’ என்று நிற்கும். பொருளே தலைகீழ். ‘தென்படவில்லை’ 7 எழுத்துதான். படுவில் முடிந்தாலும் அது செயப்பாட்டு அல்ல, இயல்பான தன்வினை. புலப்படு, அகப்படு, தட்டுப்படு எல்லாம் அந்தச் சாதி. தட்டுப்படு மட்டும் வேண்டாம். ‘வன்தட்டு தட்டுப்படவில்லை’ என்று எழுதிவிட்டு யாரும் சிரிக்காமல் பாடம் நடத்த முடியாது.

எங்கள் பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் இதற்குப் ‘பத்தெ’ என்கிறார். தெலுங்கில் ‘குர்த்திஞ்சு’. பின்னதற்கு நம் ‘குறி’யோடு உறவு இருக்கும்போலத் தோன்றுகிறது. பத்தெக்கும் பற்றுக்கும் உறவு உண்டா, புலவர் ஐயா?

தருமபுரியிலிருந்து:

இல்லை. சொல் முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும். நம் புகை அங்கே ஹொகெ. ஒகேனக்கல் போனவர்கள் அதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள், அருவித் திவலை கல்லின்மேல் புகையாக எழும். நம் பால் அங்கே ஹாலு. நம் பத்து அங்கே ஹத்து. பத்தெ பழஞ்சொல்லாக இருந்தால் ஹத்தெ ஆகியிருக்க வேண்டும். பகரம் அப்படியே நிற்கிறது, ஆகவே பின்னால் வடக்கிலிருந்து வந்தது. இந்தியில் ‘பதா’ என்று கேட்டிருப்பீர்கள்.

‘தென்படு’ நல்ல சொல். ஆனால் கண்ணுக்குத் தென்படும், மலைக்கு அப்பால் தென்படும். பெட்டிக்குள் இருக்கும் வன்றகடு எவர் கண்ணுக்குத் தென்பட வேண்டும்?

கிருஷ்ணகிரியிலிருந்து:

டீச்சர் வணக்கம். இழையைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கடைக்கு வந்து நிற்பவர்கள் இதில் ஒன்றையும் சொல்வதில்லை. “அண்ணா, ஹார்டிஸ்க் எடுக்க மாட்டேங்குது” என்பார்கள். பென்டிரைவ் எடுக்கல, சிம் எடுக்கல, டவர் எடுக்கல. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்.

உங்கள் மாணவி கேட்டது சரியான கேள்வி. எடுக்க வேண்டியவர்கள் இரண்டு பேர். முதல் ஆள் மதர்போர்டில் இருக்கும் பயாஸ். கணினியைப் போட்டதும் வட்டை இணைக்கும் ஒவ்வொரு சாட்டா போர்ட்டிலும் ‘யார் நீ’ என்று கேட்கும். வட்டு உயிரோடு இருந்தால் தன் மாடல், வரிசை எண், கொள்ளளவு எல்லாம் அடங்கிய 512 பைட் பதிலை அனுப்பும். அது வந்தால்தான் பயாஸ் திரையில் பெயர் வரும். வராவிட்டால் விண்டோஸைத் திட்டிப் பயனில்லை, அது இன்னும் எழுந்திருக்கவே இல்லை. இந்த இடத்தில் பார்க்க வேண்டியது கேபிளை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 15 பின் பவர் கேபிளையும் 7 பின் டேட்டா கேபிளையும் கழற்றித் திரும்ப மாட்டச் சொல்லுங்கள். சரிவராவிட்டால் வேறு கேபிள், வேறு போர்ட். பயாஸில் அந்த போர்ட்டையே யாராவது முடக்கி வைத்திருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பவர் போட்ட பிறகு வட்டின்மேல் விரலை லேசாக வைத்தால் மோட்டார் சுற்றும் அதிர்வு தெரியும். அதிர்வே இல்லையென்றால் பவர் போகவில்லை, அல்லது வட்டின் சர்க்யூட் போய்விட்டது. டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தால் மிச்சமிருக்கும் கல்யாணப் போட்டோவும் போய்விடும்.

சில மதர்போர்டுகளில் எம்.2 என்னும் செருகிடத்தில் எஸ்.எஸ்.டி செருகினால் ஒரு சாட்டா போர்ட் தானாக அணைந்துவிடும். நல்ல வட்டைக் கெட்டுப்போனதென்று தூக்கிக்கொண்டு வருவார்கள். இதையும் புத்தகத்தில் போடுங்கள்.

இரண்டாவது ஆள் விண்டோஸ். பயாஸில் பெயர் இருக்கிறது, விண்டோஸில் இல்லை என்றால் அது வேறு நோய். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் புது வட்டு ‘நாட் இனிஷியலைஸ்டு’ (இன்னும் பயன்பாட்டுக்குத் தயார் செய்யவில்லை) என்று நிற்கும். அல்லது எல்லாம் சரியாக இருந்து டிரைவ் எழுத்து (D:, E: போல) மட்டும் இருக்காது. எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. இன்னொன்று, போர்டில் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல் தீர்ந்துபோனால் பயாஸ் அமைப்பு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அப்போது வட்டு பெயரோடு இருந்தும் விண்டோஸ் எழாமல் போகலாம். அதையும் ‘டிடெக்ட் ஆகல’ என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்கள். மூன்று நான்கு நோய்க்கு ஒரு பெயர். நீங்கள் தமிழில் எதை வைத்தாலும் இதைப் பிரித்துக் காட்டுங்கள்.

பென்னாகரத்திலிருந்து:

> எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்.

அதுதான் அண்ணா சிக்கலே. ‘வட்டை எடு’ என்றால் கழற்று என்று பொருள். கைப்புத்தகத்தில் ஒரு வரியில் ‘வட்டை எடுக்கவும்’, அடுத்த வரியில் ‘வட்டு எடுக்கவில்லை’. படிப்பவன் ஸ்க்ரூடிரைவரோடு குழம்பி நிற்பான். பேச்சில் வருவதெல்லாம் கலைச்சொல் ஆகிவிடாது.

தருமபுரியிலிருந்து:

ஆகலாம், தம்பி. ஔவை அதியமானின் தூதாகத் தொண்டைமானிடம் போனபோது அவன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். புறநானூறு 95. இங்கே உள்ளவை பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள் அவள். நம் அகராதிச் சொற்களில் பல பீலி அணிந்தவை. ‘எடுக்கல’ பட்டறையில் கிடப்பது. என் வாக்கு அதற்கே.

‘வன்றகடு எடுக்கவில்லை’ என்று எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து:

ஐயா, கடைசி வரியில் மறுபடியும் பீலி கட்டிவிட்டீர்கள்.

இந்தச் சண்டை நமக்குப் புதிதல்ல. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், 1916இல், ராஜாஜி சேலத்தில் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் வைத்தார். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளிக்காரர், பிழைக்கப் போன இடத்தில் வக்கீல் வேலைக்கு நடுவே செய்தது. வேதியியல், இயற்பியல் சொற்களைப் பள்ளிப் பிள்ளைக்குப் புரிகிற தமிழில் கொண்டுவர வேண்டும் என்பதுதான் நோக்கம்.

பென்னாகரத்திலிருந்து:

அந்தச் சங்கத்தின் பெயரிலேயே ‘சாஸ்திர பரிபாஷை’ இருந்ததே அண்ணா! புரிகிற தமிழ் எது என்பது அன்றைக்கே தகராறுதான். ‘கலைச்சொல்’ என்பதும் ஒருநாள் யாரோ முன்வைத்துச் சிலர் சிரித்த சொல்லாகத்தான் இருந்திருக்கும். அதுபோல வேயறியும் பழகும்.

அரூரிலிருந்து (மட்டுறுத்துநர்):

இன்று புதன். டீச்சருக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. நடுகல், ஒகேனக்கல், ராஜாஜி எல்லாம் பார்த்தாகிவிட்டது. ‘காணோம்’ என்று ஒருவர் எனக்குத் தனிமடல் போட்டிருக்கிறார். ‘வட்டைக் காணோம்.’ மூன்றே எழுத்து, எல்லாருக்கும் புரியும். ஆனால் இலக்கணப்படி அது தன்மைப் பன்மை, ‘நாங்கள் காணோம்’. பயாஸ் தன்னை நாங்கள் என்று சொல்லிக்கொள்ளுமா என்று புலவர் ஐயா கேட்பார். கேட்க வேண்டாம் ஐயா.

பாலக்கோட்டிலிருந்து:

எல்லோருக்கும் நன்றி. கிருஷ்ணகிரி அண்ணன் நோய்களைப் பிரித்துக் காட்டிய பிறகு எனக்கு வழி தெரிந்தது. டிடெக்டுக்குத் தனிச்சொல்லே வைக்கப் போவதில்லை. ‘தெரி’ போதும். தமிழில் தெரிவது எப்போதும் யாருக்காவது தெரியும். நான்காம் வேற்றுமை ஆளை வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறது. பக்கத்தை மூன்று தலைப்பாகப் பிரித்திருக்கிறேன். ‘வன்வட்டு போர்டுக்குத் தெரியவில்லை’: கேபிள், போர்ட், அதிர்வு, டிக் டிக். ‘போர்டுக்குத் தெரிகிறது, விண்டோஸுக்குத் தெரியவில்லை’: துவக்காத (இனிஷியலைஸ் செய்யாத) புது வட்டு, விண்டோஸ் நிறுவும்போது தேவைப்படும் டிரைவர் மென்பொருள். ‘விண்டோஸுக்குத் தெரிகிறது, உங்களுக்குத் தெரியவில்லை’: டிரைவ் எழுத்து. பட்டன் செல்லுக்குக் கீழே தனிக் கட்டம். மாணவர்களிடம் காட்டினேன். யாருக்குத் தெரியவில்லை என்று அவர்களே பிரித்துச் சொல்கிறார்கள்.

தருமபுரியிலிருந்து:

தெரியவில்லை என்பதற்கு ‘அறியவில்லை’ என்றும் பொருளுண்டே, அம்மையீர்.

பாலக்கோட்டிலிருந்து:

போர்டைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் ஐயா. பதில் வராததால் அது அறியவில்லை.

ஓசூரிலிருந்து:

கைப்புத்தகத்துக்குச் சரி. மென்பொருள் கோப்புக்கு ஆகாது. அங்கே ‘டிடெக்டட்’ ஒற்றையாக வந்து நிற்கும், யாருக்கு என்று எழுத இடமிருக்காது. நான் கண்டறியோடு காலம் தள்ளுகிறேன்.

அரூரிலிருந்து:

நாலைந்து பேர் ‘தெரியவில்லை’க்குச் சரி என்று எழுதியிருக்கிறார்கள். பெரும்பான்மை என்று சொல்வதைவிட மற்றவர்கள் களைத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். குழுவின் சொற்பட்டியலில் மூன்றும் ஏறுகின்றன: கையேட்டு வழக்கு ‘-க்குத் தெரி’, மென்பொருள் வழக்கு ‘கண்டறி’, பேச்சு வழக்கு ‘எடு’. பெயர்ச்சொல் வன்வட்டு. வன்றகடு அடைப்புக்குறிக்குள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

டீச்சர், அச்சுக்குப் போகுமுன் ஒன்று. இனிஷியலைஸ் செய்யவா என்று விண்டோஸ் கேட்கும் இடத்தில், புது வட்டானால் மட்டும் சரி என்று அழுத்தச் சொல்லுங்கள். பழைய வட்டில் அழுத்தினால் வட்டின் எந்தப் பகுதி எங்கே என்று குறித்திருக்கும் பார்ட்டிஷன் அட்டவணை புதிதாக எழுதப்படும். அப்புறம் உள்ளே இருப்பதை மீட்பது பெரிய பாடு. அந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள். நீங்கள் அதற்கு வைத்த ‘துவக்கு’ எங்கள் பையன்களுக்குப் புரிந்தது.

பென்னாகரத்திலிருந்து:

துவக்கு அல்ல, தொடங்கு. வேயறியைப் பட்டியலில் விட்டுவிட்டதற்கு என் மறுப்பையும் பதிந்துகொள்ளவும்.