பாட்டுக்கு மாத வாடகை: கட்டிக்கொண்டே இருப்பதா, காலி செய்வதா?

கேட்_கொருக்குப்பேட்டை:
வேலை மணலியில், வீடு கொருக்குப்பேட்டையில். எங்கள் ரயில்வே கேட்டைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூட்ஸ் ஒன்று ஊர்ந்து முடியும், அப்பாடா என்று வண்டியை உதைத்தால் எதிர்த்தடத்தில் இன்னொன்று தலையை நீட்டும். அந்த நேரத்தை ஓட்டுவது பாட்டுதான், இல்லையென்றால் பக்கத்து வண்டிக்காரனோடு சண்டைதான். நேற்று வங்கியிலிருந்து எஸ்எம்எஸ்: நாளை ஆட்டோபேயில் இவ்வளவு பிடிக்கப்படும் என்று. பாட்டு ஆப்தான், பெயர் வேண்டாம், தொகை மட்டும் போன மாதத்தைவிட அதிகம். 24 மணி நேரம் முன்னால் சொல்லியாக வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2021-ல் அமலுக்கு வந்ததால் இதாவது தெரிகிறது, இல்லாவிட்டால் எலி சுரண்டுவது போலப் போயிருக்கும். ரீசார்ஜ், வைஃபை, ஓடிடி, இப்போது பாட்டுக்கும் வாடகை ஏறுகிறது. வேறு வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_லோகோ:
விலை ஏறியது உண்மை. ஆனால் எங்கிருந்து ஏறியது என்றும் பாருங்கள். ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இங்கே வந்தபோது மாதம் 119 ரூபாய், ஆறு வருடத்துக்கும் மேல் அதே 119தான். 2025-ல் 139 ஆனது, அந்த நவம்பரிலேயே லைட் 139, ஸ்டாண்டர்டு 199, பிளாட்டினம் 299 என்று மூன்றாகப் பிரித்தார்கள். யூடியூப் பிரீமியம் 2024 ஆகஸ்டில் 129-லிருந்து 149. அமெரிக்காக்காரன் 12 வருடம் 9.99 டாலர் கட்டினான், 2023-லும் 2024-லும் அவனுக்கும் ஏற்றினார்கள். உலகத்திலேயே குறைந்த விலைகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு நாம்தான் அதிகம் கத்துகிறோம். 199 கட்டினாலும் ஒரு நாளைக்கு 7 ரூபாய்கூட வரவில்லை அண்ணே, டீக்கடையில் பாதி டீ கிடைக்காது.

மின்ட்_மணிக்கூண்டு:
தம்பி, டீயைக் குடித்தால் அது என் வயிற்றில் இருக்கிறது, அடுத்த மாதம் காசு கொடுக்கவில்லை என்று யாரும் வந்து உருவிக்கொண்டு போவதில்லை. எங்கள் காலத்தில் தங்கசாலைப் பக்கம் ரெக்கார்டிங் கடை என்று இருந்தது. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசையை எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம், ஏ பக்கம் ஒன்பது, பி பக்கம் ஒன்பது, 90 நிமிட கேசட் என்றால் அவ்வளவுதான் கொள்ளும். கடைக்காரர் பட்டியலைப் படித்துவிட்டு நம்மை ஏற இறங்கப் பார்ப்பார், எந்தப் பெண்ணுக்கு இது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இரண்டு நாள் கழித்து வாங்கி வந்த கேசட் நாடா நைந்து போகிற வரை நம்முடையது. நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றினோம். 2024 ஜனவரியில் ரெஸ்ஸோ என்ற பாட்டு ஆப்பை இந்தியாவில் மூடினான், அதே வருடம் தன் பாட்டு ஆப்பான விங்க்கை ஏர்டெல்லே மூடியது. அதில் வருடக்கணக்காகப் பட்டியல் போட்டவர்கள் எந்தப் பென்சிலை வைத்துச் சுற்றுவது?

பெரம்பூர்_லோகோ:
நைனா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ரெக்கார்டிங் கடையில் நீங்கள் கொடுத்த காசில் இசையமைப்பாளருக்கு எவ்வளவு போனது? சுத்தமாக ஒன்றுமில்லை. அப்புறம் வந்த பர்மா பஜார் எம்பி3 சிடி, ஒரே தட்டில் 150 பாட்டு, அதிலும் ஒன்றுமில்லை. இன்று ஸ்பாட்டிஃபை தன் வருமானத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுக்கிறது. எல்லோரும் பழைய திருட்டையே பொற்காலம் மாதிரி பேசினால் எப்படி?

வியாசை_டோலக்:
இரண்டு பெரியவர்களும் எங்கள் பெயரைச் சொல்லி அடித்துக்கொள்வதால் நடுவில் வருகிறேன். கானா கச்சேரியில் வாசிக்கிறவன், வியாசர்பாடி. லோகோ அண்ணே, அந்த மூன்றில் இரண்டு பங்கு என் வீட்டுக்கு வருகிறது என்று நினைக்காதீர்கள். நீங்கள் மாதம் முழுக்க எங்கள் கானாவை மட்டுமே கேட்டாலும் உங்கள் 199 எங்களுக்கு வராது. நாட்டில் எல்லோரும் கட்டுகிற காசையும் ஒரே அண்டாவில் கொட்டி, மொத்தத்தில் யார் பாட்டு எத்தனை தடவை ஓடியதோ அந்த விகிதத்தில் மொண்டு கொடுப்பார்கள். உங்கள் காசில் பெரும்பகுதி நீங்கள் கேட்டே இராத இந்திப் பாட்டுக்குப் போகும். போதாததற்கு 2024-லிருந்து ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு வருடத்துக்கு 1000 தடவைகூட ஓடவில்லையென்றால் அதற்குக் கணக்கே கிடையாது. கேட்கிறவனின் காசு அவன் கேட்ட பாட்டுக்காரனுக்கே போகிற முறையை சவுண்ட்கிளவுட் என்ற பாட்டுத் தளம் 2021-ல் கொண்டு வந்தது. பெரிய ஆப்கள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எங்களுக்குச் சம்பளம் மேடையில்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு வீடு. செத்தவருக்காக விடிய விடிய பாடுகிறவனுக்கு ஸ்ட்ரீம் கணக்கு யார் வைப்பது.

கேட்_கொருக்குப்பேட்டை:
தம்பி, இந்த அண்டா விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது. நான் ஏதோ பாடகருக்கு மொய் வைக்கிறோம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ராயபுரம்_மீனு:
இதில் கடல் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். எங்கள் வீட்டுக்காரர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போகிறவர், போனால் ஒரு வாரம், பத்து நாள். கரை மறைந்தால் டவரும் மறைந்துவிடும். பணம் கட்டி ஒரு ஆப் வாங்கினோம், பெயர் சொல்லவில்லை, போகிற அன்று ராத்திரி உட்கார்ந்து இருநூறு பாட்டு இறக்கிக் கொடுத்தேன். நடுக்கடலில் திறந்தால் இணையத்தோடு இணையுங்கள் என்று நிற்கிறதாம். எதோடு இணைவது, சுறாவோடா? கூடப் போன ஆட்கள் எல்லாம் சிரித்திருக்கிறார்கள். லோகோ அண்ணன் வரிசையாகச் சொன்ன விலையில் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அந்த 139 ரூபாய் லைட்டில் டவுன்லோடே கிடையாது, அதற்கு 199 கட்ட வேண்டும். அதாவது சிக்னல் இருக்கிறவனுக்குக் குறைந்த விலை, இல்லாதவனுக்குக் கூடுதல் விலை. இப்போது படகில் பென்டிரைவ்தான், உப்புக்காற்றில் துருப்பிடிக்கிறது, ஆனால் பாடுகிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. காலையில் மீன் கழுவும்போது எஃப்எம், ராத்திரி எஃப்எம். விளம்பரம் வந்தால் அதையும் சேர்த்துப் பாடுவார்.

ஒத்தியூர்_2கே:
எல்லோரும் ஏன் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள்? மோட் ஏபிகே போடுங்கள், அதே ஆப்பை உடைத்து மாற்றி வைத்திருப்பார்கள், எல்லா வசதியும் ஓசி. டெலிகிராமில் லிங்க் கிடக்கிறது. வேண்டுமென்றால் அனுப்புகிறேன்.

மின்ட்_மணிக்கூண்டு:
எனக்கு அனுப்பாதே ராஜா.

பெரம்பூர்_லோகோ:
தம்பி, அதே போனில்தானே ஜிபே வைத்திருக்கிறாய்? யாரோ முகம் தெரியாத ஆள் பிரித்துத் தைத்த ஆப்புக்கு எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டு, 199 மிச்சம் என்று சந்தோஷப்படுகிறாய். ஓடிபி எஸ்எம்எஸை அது படித்தால் போகப்போவது 199 இல்லை. சட்டம், நியாயம் எல்லாம் இருக்கட்டும், வயிற்றெரிச்சலுக்காகச் சொல்கிறேன். காசு கட்ட மனமில்லையா, விளம்பரத்தோடு ஓசியிலேயே கேள்.

ஒத்தியூர்_2கே:
ஓசியில் கேட்கிற மாதிரியா வைத்திருக்கிறார்கள்? 2023 அக்டோபரில் ஸ்பாட்டிஃபை ஓசிக்காரனுக்குப் பாட்டை வரிசையாகக் கேட்கிற வசதியையே எடுத்துவிட்டான், திரும்பக் கேட்கவும், நடுவில் தள்ளிக் கேட்கவும் முடியாமல் செய்தான். 2024-ல் முதல் தடவையாக முழு வருட லாபம் காட்டினான், அதற்கு அடுத்த வருடமே இங்கே விலை ஏறுகிறது. நஷ்டம் நஷ்டம் என்று அழுதபோது குறைந்த விலை, லாபம் வந்ததும் கூடுதல் விலை. முதலில் பழக்கிவிட்டு அப்புறம் கறப்பது. அதற்கு நான் மோட் போட்டால் நான் திருடன். ஆனாலும் ஜிபே மேட்டர் கொஞ்சம் கலக்குகிறது, இந்த போனிலிருந்து ஜிபேயை மட்டும் எடுத்துவிடுகிறேன்.

ரிச்சி_ரிப்பேர்:
ரிச்சி தெருவில் போன் சர்வீஸ், வீடு கொடுங்கையூர். கேட் அண்ணனுக்கு மட்டும் சொல்கிறேன், மற்றவர்கள் கத்திக்கொண்டே இருங்கள். முதலில் உங்கள் ஆப்பில் போய் எத்தனை வெவ்வேறு பாட்டு கேட்கிறீர்கள் என்று பாருங்கள். கோடிக்கணக்கான பாட்டு இருக்கிறது என்பான், நம் ஆட்கள் சுற்றிச் சுற்றி ஒரே முந்நூறில் நிற்பார்கள். 320 கேபிபிஎஸ் தரத்தில் ஐந்து நிமிடப் பாட்டு 12 எம்பி. 64 ஜிபி கார்டில் தாராளமாக ஐயாயிரம் போகும். வீட்டில் பழைய போன் ஒன்று சும்மா கிடக்கும், பேட்டரி மட்டும் மாற்றினால் போதும், சிம் வேண்டாம், பாட்டை ஓட்ட விஎல்சி ஆப் போடுங்கள், அதுதான் உங்கள் பாட்டுப் பெட்டி. டேட்டாவும் மிச்சம், 320-ல் நெட்டில் கேட்டால் ஒரு மணி நேரத்துக்கு 144 எம்பி போகும். அதைவிட மோசம் யூடியூபில் வீடியோவை ஓடவிட்டுப் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கேட்கிறவர்கள், அவர்கள் டேட்டா எங்கே போனது என்று என் கடையில் வந்து கேட்பார்கள்.

பாட்டுக்கு எங்கே போவது என்றால், உங்களிடம் இருக்கிற ஒரிஜினல் சிடியை எடுத்து கம்ப்யூட்டரில் ஏற்றுங்கள். ஐடியூன்ஸில் தனித்தனியாக விலைக்கு வாங்கலாம், ஒருமுறை வாங்கினால் கோப்பு உங்களுடையது. சினிமாவுக்கு வெளியே பாடுகிற ஆட்கள் என்றால் பேண்ட்கேம்ப் என்ற தளத்தில் வாங்கலாம், அவன் 15 சதவீதம்தான் கமிஷன் எடுப்பான், மீதியில் பெரும்பகுதி பாடினவனுக்கு.

மின்ட்_மணிக்கூண்டு:
எனக்கு அந்தச் செலவும் இல்லை. நான் கேட்பதெல்லாம் 1960-க்கு முந்தைய பாட்டு. 60 வருடம் ஆனால் உரிமை போய்விடும், சட்டமே அப்படித்தான்.

பெரம்பூர்_லோகோ:
பாதிதான் சரி. 60 வருடத்தில் காலாவதியாவது ஒலிப்பதிவின் உரிமை. பாட்டின் வரிக்கும் மெட்டுக்கும் தனி உரிமை, எழுதினவர், இசையமைத்தவர் இறந்து 60 வருடம் வரை அது உயிரோடு இருக்கும். 2012-ல் சட்டத்தைத் திருத்தி, அவர்கள் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தாலும் ராயல்டியில் பங்கு உண்டு என்று வைத்ததே, இத்தனை காலம் அவர்களை வெறுங்கையோடு அனுப்பியதால்தான். நீங்கள் வீட்டில் கேட்டால் யாரும் வாசலில் வந்து நிற்கப் போவதில்லை, ஆனால் எல்லாம் ஓசி என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

மின்ட்_மணிக்கூண்டு:
சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ரெக்கார்டிங் கடை விஷயத்தையும் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, என்னிடம் இன்னும் இருக்கிற கேசட்டே சாட்சி. எழுபதைத் தொடப்போகிறேன், என்னை மாதம் மாதம் சந்தா கட்டச் சொல்லாதீர்கள். பேரன் 2018-ல் கார்வான் தமிழ்ப் பெட்டி வாங்கித் தந்தான், உள்ளேயே 5000 பாட்டு. பித்தானைத் திருகினால் போதும். எனக்குப் பிடித்த பாட்டு வரும் வரை தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் ஒரே தொல்லை, அதற்கும் பழகிவிட்டேன்.

ராயபுரம்_மீனு:
லோகோ அண்ணே, இவ்வளவு சட்டம் பேசுகிறீர்களே, உங்கள் ஆறு பேர் குடும்பத் திட்டத்தில் ஆறு பேரும் ஒரே வீட்டிலா இருக்கிறீர்கள்? உங்கள் தம்பி ஆவடியில் இருக்கிறார் என்று போன மாதம் கார்ப்பரேஷன் தண்ணீர் பற்றிய பேச்சில் நீங்கள்தான் எழுதினீர்கள்.

பெரம்பூர்_லோகோ:
அது வேறு விஷயம்.

ஒத்தியூர்_2கே:
அண்ணே 😂

பெரம்பூர்_லோகோ:
சரி, மாட்டிக்கொண்டேன். ஒரே முகவரி என்றுதான் விதி, பொங்கலுக்கு எல்லோரும் ஒரே முகவரியில்தான் இருப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் என் கட்சியை விடமாட்டேன். புதுப்பாட்டு, மலையாளம், கொரியன், என் மகள் கேட்கிற இன்னும் என்னென்னவோ, இதையெல்லாம் சிடி வாங்கிக் கேட்க முடியாது. தேடித் திரிகிறவனுக்கு வாடகைதான் லாபம். கேட் அண்ணன் கார்டு போடுவார், மூன்று மாதத்தில் சலித்துப்போய் திரும்ப வருவார். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வியாசை_டோலக்:
வந்தால் வரட்டும். கேட் அண்ணே, நீங்கள் நிறுத்துகிற பணத்தில் ஒருநாள் எங்கள் கச்சேரிக்கு வந்து நூறு ரூபாய் குத்திவிட்டுப் போங்கள். அந்த நூறு அண்டாவுக்குள் போகாது, நேராக ஆர்மோனியத்துக்கு மேல்தான் வந்து விழும்.

கேட்_கொருக்குப்பேட்டை:
ரிச்சி தம்பி சொன்னதைப் பார்த்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது. இந்த வருடம் முழுக்க நான் கேட்டது வெவ்வேறு பாட்டாக 212. அதில் ஒரு பாட்டு மட்டும் 90 தடவைக்கு மேல், எது என்று சொல்லமாட்டேன், வீட்டில் படிப்பார்கள். 212 பாட்டுக்கு ஸ்டாண்டர்டு விலையில் கணக்குப் போட்டால் வருடம் 2388 ரூபாய், அடுத்த வருடம் அதே 212-க்கு மறுபடியும் 2388. சிடி அலமாரியில் முப்பது, நாற்பது கிடக்கும், பாதிப் பாட்டு அதிலேயே இருக்கும். மீதியை வாங்கிக்கொள்கிறேன். மகளுக்குப் புதுப்பாட்டு வேண்டும் என்பதால் அவளுக்கு மட்டும் மாணவர் திட்டம். ஆட்டோபேயை இப்போதுதான் நிறுத்தினேன். யாரிடமாவது சிடி டிரைவ் இருக்கிறதா, என் லேப்டாப்பில் அந்த ஓட்டையே இல்லை.

ரிச்சி_ரிப்பேர்:
யுஎஸ்பி டிரைவ் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு எடுத்து வருகிறேன், சிடியைத் துடைத்து எடுத்து வாருங்கள், போன தடவை ஒருவர் சாம்பார்க் கறையோடு கொடுத்தார்.

கேட்_கொருக்குப்பேட்டை:
சரி தம்பி, வருகிறேன். மீதியை அப்புறம் எழுதுகிறேன், கேட் தூக்கிவிட்டார்கள், பின்னால் லாரிக்காரன் ஆரன் அடிக்கிறான்.