கிட்ஸ்பூல், வெங்கன் பனிச்சறுக்குப் பந்தயங்களுக்கு விருந்தினராகப் போகிறவர்களுக்கு: அனுபவப் பகிர்வு

தொடக்கப் பதிவு, மியூனிக்

டிசம்பர் பாதியிலேயே நம்மில் சிலருக்குக் கம்பெனி வழியாகவோ வாடிக்கையாளர் வழியாகவோ அந்தக் கெட்டி அழைப்பு அட்டை வந்துவிடுகிறது. ஜனவரியில் ஆஸ்திரியாவின் கிட்ஸ்பூலில் ஹானன்காம் பந்தயம், இல்லையென்றால் சுவிஸ் வெங்கனில் லாவ்பர்ஹார்ன் பந்தயம், விருந்தினர் கூடாரத்தில் இடம். போய் வந்தவர்கள் உங்கள் ஊர்ப் பெயரை மேலே போட்டு இங்கே எழுதுங்கள். யாரோடு படம் எடுத்துக்கொண்டோம் என்ற கதை வேண்டாம். அடுத்து போகிறவருக்குக் கைகொடுக்கிற தகவலாக இருக்கட்டும்.

கிட்ஸ்பூலை நான் தொடங்கி வைக்கிறேன். அழைப்பு என்பது கூடாரத்துக்குத்தான். பந்தயம் நடப்பது வெளியே, பனியில். இது புரியாமல் போகிறவர்கள் காலை 9 மணிக்கு உள்ளே நுழைந்து, சாப்பிட்டு, பேசி, திரையில் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். வீட்டிலேயே பார்த்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சூப்பர் ஜி (வேகப் பந்தயம், டவுன்ஹில்லைவிட வளைவுகள் அதிகம்), சனிக்கிழமை டவுன்ஹில் (எல்லாவற்றிலும் வேகமான இறக்கம்), ஞாயிறு ஸ்லாலம் (நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து இறங்குவது). ஒரு நாளைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் சனிக்கிழமை. டவுன்ஹில் நடக்கும் சரிவின் பெயர் ஸ்ட்ரைஃப். 1,665 மீட்டர் உயரத்தில் தொடங்கி 805 மீட்டரில் முடியும். நீளம் 3,312 மீட்டர். தொடங்கியதுமே வரும் 'எலிப்பொறி' என்கிற மௌசஃபாலேவில் சரிவு 85 சதவீதம். 1997-இல் ஃப்ரிட்ஸ் ஸ்ட்ரோபல் 1 நிமிடம் 51.58 விநாடியில் இறங்கியதுதான் சாதனை. முடிவிடத்தில் நிற்கிறவருக்கு மேல்பகுதி தெரியாது, அதைப் பெரிய திரையில்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஹவுஸ்பெர்க்காண்டே விளிம்பிலிருந்து வீரர் காற்றில் எழும்பி, குறுக்குச் சரிவைக் கடந்து, கடைசி நேர்ச்சரிவில் பாய்ந்து வருவது முழுக்கக் கண்முன்னால் நடக்கும். அரை நிமிடத்துக்கும் குறைவான நேரம்தான். அதற்காகத்தான் அத்தனை பேர் வருகிறார்கள்.

முதல் வீரர் 11:30-க்குப் புறப்படுவார். 10:45-க்கே கூடாரத்தைவிட்டு வெளியே வந்து வேலியோரம் இடம் பிடியுங்கள். முன்னணி வீரர்கள் பெரும்பாலும் முதல் 20 தொடக்க எண்களுக்குள் இறங்கிவிடுவார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் ஏறக்குறைய இரண்டு நிமிட இடைவெளி. நடுவே தொலைக்காட்சிக்காக நிறுத்தங்களும் உண்டு. ஆகவே ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கத் தயாராக வேண்டும்.

பாஸ் பற்றி ஒரு வார்த்தை. கழுத்தில் தொங்கும் அட்டையும் கைப்பட்டையும் வேறு வேறு வாசலுக்கானவை. இரண்டிலும் பகுதிக் குறியீடு இருக்கும். விருந்தினர் குறியீட்டை வைத்துக்கொண்டு வீரர்கள் பேட்டி கொடுக்கும் பகுதிக்கோ சரிவின் ஓரத்துக்கோ போக முடியாது. காவலரிடம் வாதாடிப் பயனில்லை. கைப்பட்டையைக் கழற்றினால் மறுபடி பூட்டாது. அதனால் தடித்த ஜாக்கெட்டைப் போட்டபின், அதன் கைக்கு மேலே வராமல் மணிக்கட்டில் கட்டச் சொல்லுங்கள். மேலே கட்டிவிட்டால் கூடாரத்துக்குள் ஜாக்கெட்டைக் கழற்ற முடியாது.

பேர்ன்

கிட்ஸ்பூலுக்கு நீங்கள் சொல்வது சரி. வெங்கனுக்கு அது பொருந்தாது. இங்கே முடிவிடத்திலேயே நின்றால் பந்தயத்தின் வால் மட்டும்தான் கிடைக்கும். லாவ்பர்ஹார்ன் சரிவு ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர் நீளம், உலகக் கோப்பை டவுன்ஹில்களில் மிக நீளமானது. இரண்டரை நிமிடம் ஓடுகிற பந்தயம். அழகெல்லாம் மேலேதான்.

முதலில் போகும் வழி. வெங்கனில் கார் இல்லை. இன்டர்லாகன் ஓஸ்ட் நிலையத்திலிருந்து லவுட்டர்புரூனனுக்கு 20 நிமிடம், அங்கே பல்சக்கர ரயிலுக்கு மாறினால் இன்னுமொரு 15 நிமிடத்தில் வெங்கன். லவுட்டர்புரூனனில் கார் விடலாம் என்று நம்பி வராதீர்கள், பந்தய நாளில் காலையிலேயே நிரம்பிவிடும். கிரிண்டெல்வால்ட் பக்கமிருந்து வருபவர்கள், 2020 டிசம்பரில் திறந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரில் 15 நிமிடத்தில் ஐகர்கிளெட்ஷருக்கு ஏறி, அங்கிருந்து ரயிலில் கிளைனே ஷைடெக் இறங்கலாம். மேல்பகுதியைப் பார்க்க நினைப்பவருக்கு இதுதான் நல்ல வழி.

சறுக்கத் தெரியாதவர்கள் வெங்கர்னால்ப் நிலையத்தில் இறங்கி, மிதித்து இறுகிய பனிப் பாதையில் நடந்து ஹுண்ட்ஷோப்ஃப் பக்கம் போகலாம். பாறை இடுக்கிலிருந்து வீரர் குதிக்கிற இடம் அது. தொலைக்காட்சியில் அந்தப் பாய்ச்சல் தட்டையாகத் தெரியும். நேரில் நின்றால்தான் எவ்வளவு செங்குத்து என்று விளங்கும். அதற்குக் கீழே வாஸர்ஸ்டேஷன் என்ற இடத்தில் பந்தயப் பாதை ரயில் பாலத்துக்கு அடியால் போகிறது. மேலே ரயில், கீழே வீரர். அதற்கும் கீழே ஹானெக் சரிவில் 2013-இல் பிரான்சின் ஜோஹான் க்ளாரே மணிக்கு 161.9 கிலோமீட்டர் தொட்டார்.

ஆகவே ஒழுங்கு இப்படி வையுங்கள்: காலையில் கூடாரத்துக்குப் போய் அழைத்தவரைக் கண்டு கைகொடுங்கள். ஒரு கோப்பி குடித்ததும் மேலே ஏறுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். முதல் பதினைந்து பேரை மேலே பார்த்தால் போதும். மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். இதை ஒருவரும் மரியாதைக் குறைவாக எடுக்க மாட்டார்கள். சொல்லாமல் காணாமல் போவதுதான் பிழை. இருக்கைக்கு ஆள் வரவில்லை என்று தேடுவார்கள்.

சனிக்கிழமை வானம் தெளிவாக இருந்தால் சுவிஸ் விமானப்படையின் சாகச அணியான பத்ரூய் சுவிஸின் விமானங்கள் பள்ளத்தாக்குக்குள் வந்து சாகசம் காட்டும். பிள்ளைகளைக் கூட்டி வருபவர்கள் காது மூடி கொண்டு வாருங்கள், சத்தம் மலையில் பட்டுத் திரும்பி இரட்டிப்பாகும்.

இன்ஸ்ப்ரூக்

குளிரைப் பற்றி யாரும் எழுதவில்லையே! விருந்தினர்கள் படும் பாடு முக்கால்வாசி காலில்தான்.

நடந்துகொண்டே இருக்கிறவருக்கு மைனஸ் 8 ஒன்றுமில்லை. ஓரிடத்தில் நிற்கிறவருக்கு, பனி பாதத்தின் சூட்டை அடியிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நம் ஆட்கள் செய்யும் தவறு இரண்டு மூன்று காலுறை போடுவது. ஷூவுக்குள் இறுக்கம் கூடி ரத்த ஓட்டம் குறைந்து, கால் இன்னும் சீக்கிரம் விறைக்கும். தடித்த கம்பளிக் காலுறை ஒன்றே ஒன்று போதும். ஷூ ஒரு அளவு பெரியதாக இருக்கட்டும், விரல்கள் உள்ளே அசைய வேண்டும். உள்ளே ஃபெல்ட் அடித்தாள் ஒன்று வையுங்கள். உடற்பயிற்சிப் பாயிலிருந்து இரண்டு சாண் துண்டு வெட்டிச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, நிற்கும் இடத்தில் விரித்து அதன்மேல் நின்று பாருங்கள். விலையில்லாத இந்தத் துண்டு விலை உயர்ந்த ஷூவைவிட உதவும்.

தோல் அடிப்பாகம் உள்ள அலுவலக ஷூ வேண்டவே வேண்டாம். கூடார வாசலில் ஆயிரக்கணக்கானோர் மிதித்த பனி பத்து மணிக்குள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். ஷூவுக்கு மேல் மாட்டும் ரப்பர் முள்பட்டை விளையாட்டுப் பொருள் கடைகளில் கிடைக்கும். மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் கூடாரத்துக்குள் நுழையும் முன் கழற்றிவிடுங்கள். மரத்தரையில் அதுவே வழுக்கும், தரையும் கீறும்.

அடுத்தது வியர்வை. கூடாரத்துக்குள் சூடான காற்று ஓடிக்கொண்டிருக்கும். முழு உடுப்போடு உள்ளே அரை மணி நேரம் இருந்தால் உள்சட்டை நனைந்துவிடும். நனைந்த சட்டையோடு வெளியே போனால் ஐந்தே நிமிடத்தில் நடுக்கம். உள்ளே நுழைந்ததும் மேல் ஜாக்கெட், நடு அடுக்கு, தொப்பி, கழுத்துப்பட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். உடம்பை ஒட்டிய உள்சட்டை பருத்தியாக இருக்கக் கூடாது, மெல்லிய மெரினோ கம்பளியாக இருக்கட்டும். பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

போனை உள் பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். வெளிப் பையில் வைத்தால் 40 சதவீதம் காட்டிய பேட்டரி திடீரென்று அணைந்துவிடும். டிக்கெட்டும் பாஸும் போனில் மட்டுமே இருந்தால் சிக்கல்தான், ஒரு தாள் பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சூரிச்

சாப்பாடு. மாடு, பன்றி தவிர்ப்பவர்களும் சைவக்காரரும் கவனிக்க வேண்டியவை.

கிட்ஸ்பூல் வார இறுதியில் எங்கும் வரும் வெள்ளைத் தொத்திறைச்சி, வைஸ்வூர்ஸ்ட், கன்றிறைச்சியும் பன்றிக் கொழுப்பும் சேர்ந்தது. கோழி என்று நினைத்து எடுக்காதீர்கள். சாப்பிடுகிறவர்கள் தோலை உரித்துவிட்டு இனிப்புக் கடுகுடன் சாப்பிடுவார்கள். குலாஷ் சூப் மாட்டிறைச்சி. பார்லி சூப் பார்க்கச் சைவம் போலிருக்கும், அடியில் இறைச்சித் துண்டு கிடக்கும். சுவிஸ் பக்கம் ரோஸ்டியிலும் (உருளைக்கிழங்குத் துருவல் வறுவல்) அல்ப்ளர்மக்ரோனனிலும் (பாலாடைக்கட்டி மக்ரோனி) பன்றி இறைச்சிச் சீவல் போடுவது வழக்கம். 'ஓனே ஷ்பெக்' என்று கேட்டால் இல்லாமல் தருவார்கள். பாலாடைக்கட்டி ஃபோண்டுவில் வெள்ளை வைனும் கிர்ஷ் மதுவும் சேரும். 'யேகர்டே' என்பதில் தேநீர் என்ற பெயர் இருந்தாலும் அதில் ரம் உண்டு.

பாதுகாப்பாக வயிறு நிரப்ப: கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற பாலாடைக்கட்டி மாவுருண்டை, மேலே பொரித்த வெங்காயம். இனிப்பென்றால் கைசர்ஷ்மார்ன், துண்டுகளாகப் பிய்த்த அப்பம். இரண்டிலும் முட்டை உண்டு. உணவுக் கட்டுப்பாட்டை வருகைக்கு ஒப்புதல் சொல்லும் கடிதத்திலேயே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அழைப்பிதழின் அடியில் 'உம் ஆன்ட்வோர்ட் விர்ட் கெபேட்டன்' என்பதன் சுருக்கம் இருக்கும். பதில் தரவும் என்று பொருள். அதில் குறித்த தேதிக்குப் பின் எழுதினால் சமையலறைக்குத் தகவல் போய்ச் சேராது.

சென்னை

விசா பற்றிச் சுருக்கமாக. அழைப்புக் கடிதம் விசா ஆகாது, விசாவுக்குச் சேர்க்கும் ஒரு காகிதம் மட்டுமே. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். கிட்ஸ்பூலுக்கு மியூனிக்கில் இறங்கிப் போவதுதான் எளிது. அதற்காக ஜெர்மன் விசா கேட்கக் கூடாது, தங்குவது ஆஸ்திரியாவில் என்றால் ஆஸ்திரிய விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கட்டணம் 90 யூரோ. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அந்தக் காப்பீட்டில் மலை மீட்பும் ஹெலிகாப்டரும் அடங்குமா என்று படித்துப் பாருங்கள். பலவற்றில் அடங்காது.

சுவிஸில் இருக்கும் நம்மவர்களில் பி அல்லது சி வதிவிட அட்டை உள்ளவர்கள் செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டுடன் ஆஸ்திரியா போய்வரலாம். எஃப் அட்டை (தற்காலிக அனுமதி) உள்ளவர்கள் நாட்டைவிட்டு வெளியேறும் முன் அனுமதி பெற வேண்டும். அது வாரக்கணக்கில் இழுக்கும்.

இன்னொன்று: அரசுப் பணியிலோ கொள்முதல் பிரிவிலோ இருப்பவர்கள், பதில் எழுதும் முன் அலுவலகத்தில் எழுத்துமூலம் ஒப்புதல் வாங்குங்கள். கூடார இடமும் ஹோட்டல் அறையும் சேர்ந்தால் அது பெரிய மதிப்புள்ள அன்பளிப்பு.

மியூனிக், மறுபடியும்

பந்தயத்தைப் படிக்கத் தெரிந்தால் நிற்பது கடினமாக இருக்காது. பனியில் தெரியும் நீலக் கோடுகள் பாதையின் ஓரத்தைக் காட்டச் சாயம் தெளித்தவை. வெள்ளை மேல் வெள்ளையில் வீரருக்கு மேடுபள்ளம் தெரியாது. சரிவு பனியாகத் தோன்றினாலும் நீர் ஏற்றி இறுக்கிய ஐஸ்தான். ஹவுஸ்பெர்க்கில் வீரர் திரும்பும்போது எஃகு விளிம்பு ஐஸைப் பிளக்கும் சத்தம் கோடித் துணியை ஒரே இழுப்பில் கிழிப்பது போலக் கேட்கும். திரையில் அந்தச் சத்தம் வராது. நேரம் பச்சையில் வந்தால் முன்னிலை, சிவப்பில் வந்தால் பின்தங்கல்.

20 பேர் முடிந்ததும் கூட்டம் கலையத் தொடங்கும். அவசரப்படாதீர்கள். 1993 டிசம்பரில் இத்தாலியின் வால் கார்டேனாவில் லிச்டென்ஸ்டைனின் மார்க்கஸ் ஃபோசர் 66-ஆம் எண்ணில் இறங்கி டவுன்ஹிலை வென்றார். வெயில் ஏறி வெளிச்சம் மாறினால் பின்னால் வருபவருக்கு வாய்ப்பு கூடும். ஸ்லாலமில் கணக்கு வேறு: முதல் ஓட்டத்தில் வந்த முதல் 30 பேர் இரண்டாவது ஓட்டத்தில் தலைகீழ் வரிசையில் இறங்குவார்கள், முதலிடக்காரர் கடைசியில். சாப்பாட்டை எப்படி இழுத்தாலும் கடைசிப் பத்துப் பேருக்கு வேலியோரம் வந்துவிடுங்கள். ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங் இரவு ஸ்லாலமுக்கு அழைப்பு வந்தால், முதல் ஓட்டம் 17:45, இரண்டாவது 20:45. நடுவில் மூன்று மணி நேரம் இருட்டிலும் குளிரிலும் காத்திருப்பு, அதற்கேற்ப உடுத்துங்கள்.

வீரர் விழுந்தால் கூட்டம் சட்டென்று அமைதியாகிவிடும். நீங்களும் பேச்சை நிறுத்துங்கள். பேசிக்கொண்டே மது குவளையைத் தூக்குகிற விருந்தினரை அங்கே யாரும் மன்னிப்பதில்லை. மேலே மஞ்சள் கொடி காட்டுவார்கள். பாதையில் இருக்கும் அடுத்த வீரர் நின்றுவிட வேண்டும், அவருக்கு மறு ஓட்டம் உண்டு. ஹெலிகாப்டர் வந்தால் அரை மணி நேரம்கூடத் தாமதமாகலாம். அப்போது தொப்பியையும் கைக்குட்டையையும் இறுகப் பிடியுங்கள், இறக்கைக் காற்றில் பறப்பது பாதைக்குள் விழும். அடிபட்டவரை ஏற்றுவதைப் படம் எடுக்காதீர்கள்.

ட்ரோன் கொண்டுவரவே கூடாது. 2015 டிசம்பர் 22 அன்று இத்தாலியின் மடோன்னா டி காம்பிலியோவில் ஆஸ்திரிய வீரர் மார்செல் ஹிர்ஷர் ஸ்லாலம் ஓடிக்கொண்டிருந்தபோது ஒளிபரப்பு ட்ரோன் அவருக்குச் சற்றுப் பின்னால் விழுந்து நொறுங்கியது. அதன்பின் பந்தயங்களில் ட்ரோனுக்குத் தடை வந்தது.

திரும்பும் வழி: கிட்ஸ்பூலில் ஒன்றுக்கு மேற்பட்ட ரயில் நிலையங்கள். முடிவிடத்துக்குப் பக்கத்தில் இருப்பது 'கிட்ஸ்பூல் ஹானன்காம்', சின்ன நிலையம். ஊர் நிலையம் தனி. எந்த ரயில் எதில் நிற்கும் என்று காலையில் இறங்கும்போதே பலகையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பந்தயம் முடிந்த முதல் மணி நேரத்தில் நடைமேடைக்கே போக முடியாது. அந்த நேரத்தில் ஹானன்காம் கேபிள் கார் நிலையம் பக்கம் போங்கள். வென்ற வீரர்களின் பெயர் எழுதிய பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்து திரும்பும். இங்கே ஐந்து முறை டவுன்ஹில் வென்ற சுவிஸ் வீரர் டிடியே கூஷின் பெட்டி வரும்வரை நின்று பார்த்துவிட்டு நிலையத்துக்கு நடந்தால், வரிசை பாதியாகக் குறைந்திருக்கும்.