உடிலிவ் 300, காலை ஒண்ணு ராத்திரி ஒண்ணு: எல்லாருக்கும் இதேவா?

பித்தவெடி: "பித்தப்பைக் கல்லா? உடிலிவ் 300, 1-0-1, மூணே மாசம், எந்தக் கல்லும் கரையும்" என்று ஒரு அருள்வாக்கு இங்கே சுற்றுகிறது. உடிலிவ் 300 என்பது கல்லைக் கரைக்கக் கொடுக்கும் அர்சோடியாக்சிகோலிக் அமிலம், 300 மி.கி. மாத்திரை. எத்தனை கிலோ ஆளுக்கு ஐயா? ஒரு நாளைக்கு, உடல் எடை கிலோவுக்கு 8-10 மி.கி. கணக்கு. 60 கிலோவுக்கு 600 போதும். 85 கிலோவுக்கு 680-850 வேண்டும்.

மாத்திரைக்காரன்: அருள்வாக்கு என்னுடையதுதான். ஊரில் பாதி சீட்டில் 1-0-1 தான் இருக்கு. எழுதினவங்க எல்லாம் படிக்காதவங்களா?

பித்தவெடி: 85 கிலோ. அதற்குப் பதில் சொல்லுங்கள். காலை 300, ராத்திரி 450 கொடுத்தால் 750 வரும். 150 மாத்திரை கடையில் கிடைக்கிறதே. அப்புறம் "எந்தக் கல்லும்" என்பது அதைவிடப் பெரிய புளுகு. எக்ஸ்ரேயில் தெரியாத கொலஸ்ட்ரால் கல், அதுவும் சின்னதாக, பித்தப்பை ஒழுங்காகச் சுருங்கினால்தான் கரையும். சுண்ணாம்பு ஏறியதும் கறுப்பு நிறமிக் கல்லும் அசையாது. ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் பிடிக்கும், நடுவில் ஸ்கேன். கரைந்தாலும் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்பி வரும்.

கல்யாணி: 8-10 பழைய கணக்கு. 13-15 தான் சரி. 1-1-1 போடணும்.

பித்தவெடி: அம்மா, அது பி.பி.சி.க்கு. ஈரலுக்குள் இருக்கிற சிறு பித்தக்குழாய்கள் அழியும் நோய், கல் இல்லை. கூட்டிக்கொண்டே போனால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். பி.எஸ்.சி. என்ற, பித்தக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கும் இன்னொரு நோயில் 28-30 கொடுத்துப் பார்த்த ஆய்வில் நோயாளிகளுக்குக் கேடுதான் கூடியது, 2009-இல் வெளிவந்தது.

கல்யாணி: 15 என்றால் 15. மருந்து ஒண்ணுதானே?

பச்சிலை: எதற்கு இந்த மாத்திரைச் சண்டை? ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் பச்சைக் கல்லா வெளியே வரும்.

பித்தவெடி: வருவது கல் இல்லை, சோப்பு. எண்ணெயின் கொழுப்பு அமிலமும் சாற்றின் பொட்டாசியமும் குடலில் சேர்ந்து உருள்கிறது. ஸ்கேன் எடுங்கள், கல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

மாத்திரைக்காரன்: போன மாசம் ஆன்டாசிட் (வயிற்று அமிலத்துக்கான மருந்து) பற்றிய இழையிலும் இதே வாத்தியார் வேலைதான் பார்த்தீங்க.

பித்தவெடி: அதையும் சொல்கிறேன். அலுமினியம் கலந்த ஆன்டாசிட் இந்த மருந்தைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கொலஸ்ட்ராலைக் குறைக்கக் கொடுக்கும் கொலஸ்டைரமின் அதைவிட மோசம். அதைக் குடித்த பின் நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரே வாயில் இரண்டையும் விழுங்கிவிட்டு "உடிலிவ் வேலை செய்யல" என்று அன்றைக்கும் நீங்கள்தான் எழுதினீர்கள்.

மாத்திரைக்காரன்: பேச்சை மாத்தாதீங்க. 1-0-1.

பித்தவெடி: 85 கிலோ.

பச்சிலை: சோப்பு என்றால் நுரை எங்கே?