ஜீப்ரா மீன் படத்தின் பச்சை அச்சில் மங்குகிறது, வேலூரில் எங்கே கொடுக்கலாம்?

வணக்கம். காட்பாடியில் ஒரு பல்கலைக்கழக உயிரியல் ஆய்வகத்தில் இருக்கிறேன். எங்கள் மாணவி ஒருத்தியின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியாகியிருக்கிறது. குடியாத்தம் நெசவாளர் வீட்டுப் பெண். கேடயம் வேண்டாம், அவள் எடுத்த படத்தையே ஆய்வகச் சுவரில் பெரிதாக மாட்டுவோம் என்று முடிவு செய்தோம். வரும் வெள்ளிக்கிழமை விழா, அவள் பெற்றோரும் வருகிறார்கள்.

படத்தில் இருப்பது ஜீப்ரா மீன் கருவின் ரத்தக் குழாய்கள், ஜி.எஃப்.பி. புரதத்தால் பச்சையாக ஒளிர்பவை. கான்ஃபோகல் நுண்ணோக்கியில் எடுத்தது. டிஃப் கோப்பு, 2048 × 2048 பிக்சல். 2 அடி சதுரத்தில் வேண்டும்.

திரையில் பளீரென்று தெரியும் பச்சை, அச்சில் பாசி நிறமாகிறது. கறுப்புப் பின்னணி சாம்பலாக வெளுக்கிறது. மெல்லிய கிளைக் குழாய்கள் காணாமலே போய்விடுகின்றன. கட்டுரையே அவற்றைப் பற்றித்தான்.

ஃப்ளெக்ஸ், வினைல் இரண்டும் பார்த்தாயிற்று. அச்சுக்கான நான்கு மை வண்ண முறையான சி.எம்.ஒய்.கே.வுக்கு நாங்களே மாற்றியும் கொடுத்தோம். அந்த நான்கு மையில் இவ்வளவு பிரகாசமான பச்சை வராது, சரி. அப்புறம் கடையில் நிறத்தை ஏற்றித் தருகிறோம் என்றார்கள். ஆய்வுப் படத்தில் அப்படிக் கைவைக்க எனக்கு மனமில்லை.

வேலூர், ராணிப்பேட்டை, ஆற்காடு வட்டாரத்தில் இந்த அளவுக்கு அசல் போட்டோ பேப்பரிலோ, கூடுதல் மை வண்ணங்கள் உள்ள இங்க்ஜெட்டிலோ அச்சிட்டுத் தரும் இடம் எது?