நெருக்கமாக இருக்கும்போது கீழே காற்றுச் சத்தம்: என்ன செய்யலாம்?

செம்பூர் அம்மா:
வணக்கம் அக்காக்களே. மும்பை செம்பூரில் ஒரே அறையும் சமையலறையும் உள்ள வீடு எங்களுடையது. பையன் இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கிறான். அவனைப் பார்த்துக்கொள்ள மாமியார் ஊரிலிருந்து வந்து சமையலறையில் படுத்துக்கொள்கிறார். நடுவில் ஒரு கதவுதான்.

பிரசவத்துக்குப் பிறகு, வீட்டுக்காரரும் நானும் சேரும்போது பிறப்புறுப்பிலிருந்து ‘புர்’ரென்று காற்று வெளியேறுகிறது. பின்பக்கத்திலிருந்து இல்லை, வாடையும் இல்லை. அடக்கவும் முடியவில்லை. சத்தம் கேட்டதும் எனக்கு உடம்பு விறைத்துவிடும், அதோடு எல்லாம் நின்றுபோகும். அவர் ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது. சுகப்பிரசவம், தையல் போட்டார்கள். உள்ளே தளர்ந்துவிட்டதா? இது நோயா? அம்மாவிடம்கூடக் கேட்க வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற நர்ஸ், தானே:
பயப்படாதே தங்கச்சி, நீ சொல்வதைப் பார்த்தால் இது நோய் இல்லை. பிரசவ வார்டில் எத்தனையோ பெண்கள் என் காதோடு கேட்ட கேள்விதான். குழந்தை பெறாதவர்களுக்கும் வரும். சர்வாங்காசனம் செய்துவிட்டுக் காலை இறக்கும்போது சிலருக்கு இதே சத்தம் வரும்.

பிறப்புறுப்பின் சுவர்கள் சாதாரணமாக ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். சேரும்போது விரிவதால் வெளிக்காற்று உள்ளே போகிறது, சைக்கிள் பம்ப் மாதிரி. அப்புறம் நிலை மாறினாலோ அழுத்தம் பட்டாலோ வெளியே வருகிறது. குடலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால்தான் வாடை இல்லை. அடக்கவும் முடியாது, ஏனென்றால் ஆசனவாயை மூடி வைக்கும் சுருக்குத்தசை போல இங்கே ஒன்று கிடையாது.

இடுப்புக்கு அடியில் தலையணை வைத்தாலும், முட்டி போட்டுக் குனிந்தாலும் காற்று அதிகம் நுழையும். ஒருக்களித்துப் படுத்தால் குறையும். ஒவ்வொரு முறையும் முழுவதும் விலகி மறுபடி சேராமல், மெதுவாக இருக்கச் சொல். நிலை மாற்றும்போது அவர் முதலில் விலகட்டும், நீ ஒரு நிமிடம் மல்லாந்து படுத்துக் காற்றை வெளியேற விடு. பால் கொடுக்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைந்து பிறப்புறுப்பில் வறட்சி வரும். மருந்துக் கடையில் எண்ணெய் இல்லாத, தண்ணீரில் செய்த (வாட்டர் பேஸ்டு) வழுவழுப்பு ஜெல் கிடைக்கும், அதை வாங்கிக்கொள். ஆணுறை போடுகிறீர்கள் என்றால் தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், ஆணுறையின் ரப்பர் (லேடெக்ஸ்) பலவீனமாகிக் கிழியும்.

பிரசவத்துக்குப் பின் இடுப்பின் அடித்தளத் தசை தளர்வது சகஜம், அதைத் திரும்பப் பலப்படுத்தலாம். கெகல் பயிற்சி செய். சிறுநீர் கசியும் பெண்களுக்காக 1948இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய முறை இது. சிறுநீரை நிறுத்துவது போலத் தசையை 5 வினாடி இறுக்கு, 5 வினாடி விடு. 10 முறை, நாளுக்கு 3 வேளை. மூச்சைப் பிடிக்காதே, சிறுநீர் கழிக்கும்போது செய்யாதே. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். சத்தம் அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தசைக்கு எப்படியும் நல்லது.

தாராவி அண்ணன்:
தங்கச்சி, ஒரு கணவனாகச் சொல்கிறேன். அவர் பேசாமல் இருப்பது வெறுப்பால் இருக்காது. சொன்னால் உனக்கு மனசு நோகுமோ என்று நாங்களும் வாயை மூடிக்கொள்வோம். பகலில், சாப்பிட்டு முடித்த சாவகாசமான நேரத்தில், “பிரசவத்துக்கு அப்புறம் காற்று வருது, நர்ஸ் அக்கா சாதாரணம்னு சொன்னாங்க” என்று சொல்லிவிடு. போதும்.

இரும்புக் கட்டில் என்றால் மெத்தையைத் தரையில் போடுங்கள், பாதிச் சத்தம் அதுதான். மின்விசிறியை வேகமாக வையுங்கள். மாமியார் மாலையில் பையனைத் தூக்கிக்கொண்டு கீழே போகும் நேரத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை.

மாட்டுங்கா மாலா:
வயிறு கடமுட என்பதும் வாயு பிரிவதும் வேறு கணக்கு. இரவில் ராஜ்மா, பட்டாணி உசல் சாப்பிட்டால் எனக்கு நிச்சயம் வாயுதான். சீக்கிரம் சாப்பிட்டுக் கொஞ்சம் நடந்தால் சரியாக இருக்கிறது.

செம்பூர் அம்மா:
அண்ணன் சொன்னபடி பேசினேன். எனக்கு வலிக்கிறது போல என்று நினைத்துத்தான் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தாராம். அழுதே விட்டேன். அக்கா, தையல் போட்ட இடத்தால் ஏதும் ஆபத்து உண்டா? எப்போது டாக்டரிடம் போகணும்?

ஓய்வுபெற்ற நர்ஸ், தானே:
காற்றோடு மல வாடை வந்தாலோ, பிறப்புறுப்பு வழியாக மலம் கசிந்தாலோ உடனே போ. பிரசவக் கிழிசல் சரியாக ஆறாமல் மலக்குடலுக்கும் பிறப்புறுப்புக்கும் நடுவில் துளை விழுந்திருக்கலாம். அது அபூர்வம், சிகிச்சை உண்டு. வலி, ரத்தம், தும்மினால் சிறுநீர் கசிவது, வாயுவை அடக்க முடியாமல் போவது இருந்தாலும் காட்ட வேண்டும். சயான் மருத்துவமனையில் மகளிர் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய்ச் சீட்டு எடு. இந்தி வராவிட்டால் “டெலிவரி கே பாத் நீச்சே ஸே ஹவா நிகல்தீ ஹை” (பிரசவத்துக்குப் பிறகு கீழேயிருந்து காற்று வருகிறது) என்று மட்டும் சொல், மீதியை அவர்களே கேட்பார்கள்.