மாதக் கூட்டமா, ஏற்காடு முகாமா? சேலம் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களுக்கு ஒரு கேள்வி

ஐந்துரோடு

போன ஞாயிறு டீக்கடையில் நின்று பேசியதை, வராதவர்களுக்காக இங்கே வைக்கிறேன். சேலத்தில் கட்டற்ற மென்பொருளுக்காக, அதாவது யார் வேண்டுமானாலும் பயன்படுத்தி, படித்து, மாற்றி, பகிரக்கூடிய மென்பொருளுக்காக, ஏதாவது தொடங்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எதைத் தொடங்குவது என்பதில்தான் இரண்டு பக்கம். மாதம் ஒரு கூட்டம், ஊருக்குள், ஒரே கிழமை, ஒரே இடம் என்கிறார்கள் சிலர். வருடத்துக்கு ஒருமுறை ஏற்காட்டில் இரண்டு நாள் முகாம், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பேச்சாளர்கள் என்கிறார்கள் மற்றவர்கள். வேலை செய்ய இருப்பது ஏழு பேர். இரண்டையும் சேர்த்து இழுக்க முடியாது.

நான் மாதக் கூட்டத்தின் பக்கம். விண்டோஸ் மாதிரி கணினியை இயக்குகிற கட்டற்ற மென்பொருள்தான் லினக்ஸ். சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்குகிறது. ஐஐடி வளாகம், இரண்டாம் சனிக்கிழமை என்பது அங்கே பலருக்கு மனப்பாடம். சென்னையில் வேலை பார்த்த காலத்தில் நான் முதன்முறை போனபோது யாரையும் தெரியாது, பேசியதில் பாதி புரியவும் இல்லை. அடுத்த மாதம் போனபோது ஒருவர் பக்கத்தில் வந்து, "போன மாசம் வைஃபை வரலைன்னு சொன்னீங்களே, சரியாச்சா?" என்று கேட்டார். அதற்காகத்தான் மூன்றாம் முறை போனேன். முகாம் மட்டும் நடத்தினால் இதைக் கேட்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

சேர்வராயன்

அது நல்ல கேள்விதான் அண்ணா. ஆனால் சேலத்தில் மாதக் கூட்டத்தை ஏற்கெனவே நடத்திப் பார்த்தோம் என்பதையும் சொல்லுங்கள். முதல் மாதம் 32 பேர், அடுத்த மாதம் 11, மூன்றாம் மாதம் நாம் நான்கு பேர் மட்டும். நான் மலையிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றேன்.

முகாம் என்றதும் சுற்றுலா என்று நினைக்க வேண்டாம். மலையில் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஓபன்ஸ்ட்ரீட்மேப் 2004ல் தொடங்கிய வரைபடம். விக்கிப்பீடியா மாதிரி யார் வேண்டுமானாலும் சேர்க்கலாம், திருத்தலாம். என் வீட்டுக்குப் பின்னால் காபித் தோட்டத்தை ஒட்டி ஒரு பாதை இறங்குகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் நடக்கிற பாதை. நான் தேடிய எந்த வரைபடத்திலும் அது இல்லை. போன டிசம்பரில் கைபேசியில் ஜிபிஎஸ் தடத்தைப் பதிந்துகொண்டே அதில் நடந்தேன். வழியில் விறகுக் கட்டோடு வந்த ஓர் அம்மா, பாதை திரும்புகிற இடத்தில் உள்ள ஊற்றுக்கு என்ன பெயர் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து பாதையை வரைந்து, ஊற்றின் பெயரைத் தமிழிலேயே எழுதிச் சேமித்தேன். சில நாள் கழித்து அதே வழியில் போனபோது அந்த வரைபடத்தில் விடுபட்டதைக் கேட்டு நிரப்பும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி, "இந்தப் பாதையின் மேற்பரப்பு என்ன?" என்று என்னையே கேட்டது. மண் என்று தொட்டேன். நான் போட்ட கோடு உலகத்துக்குத் தெரிந்துவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

20 பேர் இரண்டு நாள் நாகலூர், மஞ்சக்குட்டை பக்கம் நடந்தால் எவ்வளவு பாதை சேரும்? நிரல் எழுதத் தெரியாதவரும் பங்களிக்கலாம். ராத்திரி சேர்ந்து உட்கார்ந்து வரைந்தால் கூச்சமும் போய்விடும். மாதம் இரண்டு மணி நேரத்தில் இது நடக்காது.

கருப்பூர் ஆசிரியை

இரண்டு தரப்பும் ஒன்றை மறக்கிறீர்கள். புதிய ஆட்கள் வருவது கல்லூரியிலிருந்துதான். அவர்களை மலைக்கோ டீக்கடைக்கோ கூப்பிட்டால் வர மாட்டார்கள். கல்லூரியில் அரங்கம் இலவசம். இணையம், புரொஜெக்டர், மாணவிகளுக்குச் சுத்தமான கழிப்பறை எல்லாம் உண்டு. வருகிறவர்களுக்கு ஆன் டூட்டியும் சான்றிதழும் கொடுத்தால் 200 பேர் உட்காருவார்கள்.

"பேச்சு கேட்டு யாரும் மாற மாட்டார்கள்" என்று அன்று டீக்கடையில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 2024 மார்ச்சில் நடந்த எக்ஸ்இசட் விஷயத்தை வகுப்பில் சொன்னேன். உலகம் முழுக்க லினக்ஸ் கணினிகளில் இருக்கிற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் ஒரு நிரல் அது. அதைப் பராமரித்தவர் ஏறக்குறைய தனி ஆள், களைத்துப் போயிருந்தார். முகம் தெரியாத ஒருவர் உதவுகிறேன் என்று வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக வேலை செய்து நம்பிக்கை பெற்று, கடைசியில் வெளியாள் ரகசியமாக நுழைய அதில் ஒரு கள்ளக் கதவை வைத்தார். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், வேறு ஏதோ சோதனை செய்யும்போது தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழி நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டியதால் அது பிடிபட்டது. அன்று மணி அடித்த பிறகும் ஆறு பேர் எழுந்து போகவில்லை. "அந்தப் பராமரிப்பாளருக்கு யாருமே உதவலையா மேடம்?" என்று கேட்டார்கள். அந்த ஆறில் இரண்டு பேர் இன்று தொடர்ந்து பிழைத்திருத்தம் அனுப்புகிறார்கள். நன்றாகச் சொன்ன ஒரு மணி நேரம் போதும்.

பழைய சிடி

அந்த இரண்டு பேருக்கு என் வாழ்த்து மேடம். ஆனால் சான்றிதழ் விஷயத்தில் நான் உங்களோடு இல்லை. 2020 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்குப் பங்களிக்க ஊக்குவிக்க டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் நடத்திய ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்ச்சியில் நான்கு பங்களிப்பு அனுப்பினால் டிஷர்ட் என்றார்கள். திட்டத்தை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து ஆயிரக்கணக்கில் அனுப்பித் தள்ளினார்கள். அதில் நம் நாட்டுப் பிள்ளைகளும் நிறைய. பராமரிப்பாளர்கள் கதறிய பிறகு, விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும் அனுப்பலாம் என்று மாதம் தொடங்கிய சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. தாளுக்காக வருகிறவர் தாளோடு போய்விடுவார்.

சேர்வராயன் தம்பிக்கு ஒன்று. மூன்றாம் மாதம் நான்கு பேர் வந்தது ஆர்வம் இல்லாததால் அல்ல. முதல் மாதம் ஞாயிறு, அடுத்தது சனி, அப்புறம் இடமும் மாறியது. சாவி ஒரே ஆளிடம், அவர் ஊரில் இல்லை. நீங்கள் பூட்டிய கதவைப் பார்த்தது அதனால். நான்கு பேர் என்பதும் குறைவு இல்லை. உபுண்டு என்ற லினக்ஸ் வகையைத் தபாலில் இலவசமாக சிடியில் அனுப்பிய காலத்தில், 2011ல் அதை நிறுத்தும் வரை, எங்கள் தெருவில் நாங்கள் மூன்று பேர்தான்.

இன்னொன்று, எங்கே நடத்தினாலும் தமிழில் நடத்துங்கள். கணியம் இதழ் 2012லிருந்து லினக்ஸையும் நிரலாக்கத்தையும் தமிழில் எழுதிக் காட்டியிருக்கிறது. காஞ்சி லினக்ஸ் குழுவினர் ஞாயிறுதோறும் இணையத்தில் தமிழில்தான் பேசுகிறார்கள். நமக்கு என்ன தடை?

ஆத்தூர் மாணவி

பழைய சிடி ஐயா, ஒன்று சொல்லட்டுமா? நான் மூன்றாம் ஆண்டு. எனக்கும் சான்றிதழ் பெரிதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சேலம் போகிறேன் என்றால் அப்பா, "எதுக்கு, யார் நடத்துறாங்க?" என்றுதான் கேட்பார். கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நீங்கள் தாளை வேண்டாம் என்றால் என் மாதிரி ஆட்கள் வர முடியாது. ஆசிரியை சொன்னதில் எனக்குப் பிடித்தது கழிப்பறைதான். அதை வேறு யாரும் சொல்லவில்லை.

ஏற்காட்டில் ராத்திரி தங்க என்னை விட மாட்டார்கள். அது நிச்சயம்.

சேர்வராயன்

சரி தங்கச்சி, ராத்திரி தங்குவதை நான் யோசிக்கவில்லை. அது என் தவறு.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு

நான் மாணவனும் இல்லை, பொறியாளரும் இல்லை. கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். இந்த இழையில் எல்லாரும் புதிதாகக் கற்க வருகிறவரைப் பற்றியே பேசுகிறீர்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நிற்கிறவனையும் கொஞ்சம் பாருங்கள்.

எங்களிடம் இரண்டு பழைய கணினி. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இரண்டிலும் இல்லை. கடைக்காரர் புதிது வாங்கச் சொன்னார். தெரிந்த பையன் ஒருவன் லினக்ஸ் மிண்ட் என்ற லினக்ஸ் வகையைப் போட்டுத் தருகிறேன் என்று வந்தான்.

முதல் ஞாயிறு, நிறுவிய பிறகு திரை கறுப்பு. எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவன் பதறவில்லை. மறுபடி இயக்கி, கணினி தொடங்கும்போது வரும் க்ரப் பட்டியல் வந்ததும் 'இ' விசையை அழுத்தினான். 'லினக்ஸ்' என்று தொடங்குகிற நீள வரியின் கடைசிக்குப் போய், 'நோமோட்செட்' என்று ஒரு சொல் சேர்த்து எஃப்10 தட்டினான். திரை வந்துவிட்டது. "உங்க கிராபிக்ஸ் கார்டுதாண்ணே காரணம், சரியான டிரைவர் போட்டுட்டா அப்புறம் இந்தச் சொல் தேவையில்ல" என்றான்.

இரண்டாம் ஞாயிறு பிரின்டர். மூன்றாம் ஞாயிறுதான் பெரிய தலைவலி. எட்டு வருடக் கணக்கு, யாருக்கு எவ்வளவு வெள்ளி கொடுத்தோம், கொலுசாகத் திரும்பி வந்த எடை, சேதாரம், கூலி எல்லாம் எக்ஸெல்லில் இருந்தது. பெயர்களெல்லாம் பாமினி எழுத்துருவில் அடித்தவை. எக்ஸெல் மாதிரி கணக்குத் தாளும் உள்ள கட்டற்ற மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தால் எண் எல்லாம் சரி, பெயர் எல்லாம் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகக் குப்பை. அந்த எழுத்துரு உண்மையில் ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தை ஒட்டி வைத்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெயர் உள்ள பத்தியை மட்டும் வெட்டி, எல்லாக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு எழுத்துக்கு மாற்றும் கருவியில் போட்டு, திரும்ப ஒட்டினோம். நான்காம் ஞாயிறும் அதிலேயே போயிற்று. வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட். அவன் வேறு எதுவும் வாங்க மறுத்துவிட்டான்.

இப்போது அந்தப் பையன் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். போன வாரம் பிரின்டர் மறுபடி நின்றுவிட்டது. யாரிடம் போவேன்? ஏற்காட்டு முகாமில் பெங்களூர்ப் பேச்சாளரிடமா? கல்லூரி அரங்கில் 200 பேர் நடுவில் எழுந்து நின்றா? எனக்கு வேண்டியது, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து வைக்க ஒரு மேசை, அடுத்த மாதமும் அதே மேசை.

கருப்பூர் ஆசிரியை

நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் மாணவர்களில் ஒருவருக்குக்கூட பாமினி சிக்கல் தெரியாது. அவர்கள் உங்கள் மேசைக்கு வந்தால் நான் ஒரு பருவத்தில் சொல்லித்தருவதைவிட அதிகம் கற்பார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்தைத் திறக்க எனக்கு அனுமதி கிடைக்காது. வெளியாட்கள் என்றால் வாயிலிலும் கேள்வி வரும். வேலை நாளில் என்றால் ஏற்பாடு செய்வேன், நீங்கள் பட்டறையை விட்டு வர முடியாது. வருடத்துக்கு இரண்டு பெரிய பேச்சு கல்லூரியில் வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. ஒன்றை செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, மென்பொருள் விடுதலை நாளில் வைக்கலாம். சான்றிதழையும் விட மாட்டேன், ஆத்தூர்ப் பெண் சொன்ன காரணத்துக்காக.

பழைய சிடி

அந்தப் பெண்ணின் அப்பாவுக்காக என்றால் தாள் கொடுங்கள் மேடம், நான் தடுக்கவில்லை. வந்தவர் என்ன செய்தார் என்று அதில் ஒரு வரி எழுதுங்கள். 'கலந்துகொண்டார்' என்று மட்டும் போடாதீர்கள். "லிப்ரே ஆபிஸில் 15 சொற்றொடர் தமிழாக்கினார்" என்று போட்டால் மொழிபெயர்ப்பு நடக்கும் வெப்லேட் தளத்தில் போய் யாரும் சரிபார்க்கலாம்.

ஐந்துரோடு

இடம்தான் இன்னும் முடியவில்லை. சாவி இரண்டு பேரிடம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் இப்போதே முடிவு செய்துவிடலாம்.

செவ்வாய்ப்பேட்டை கணக்கு

பட்டறை மாடியில் ஒரு அறை இருக்கிறது. ஞாயிறு பட்டறை விடுமுறை. 15 பேர் உட்காரலாம், முதலாளியிடம் கேட்டுவிட்டேன். படி குறுகல். கழிப்பறை கீழே, சுத்தம் செய்து வைக்கிறேன்.

சேர்வராயன்

15 பேர் அறையை வைத்து எத்தனை வருடம் ஓட்டுவீர்கள்? ஊர் முழுக்கத் தெரிய வேண்டாமா? நான் இதில் இன்னும் உடன்படவில்லை. பெரிதாக ஒன்று நடக்காவிட்டால் சேலத்தில் இப்படி ஒரு கூட்டம் இருப்பதே அடுத்த தெருவுக்குத் தெரியாது.

முகாமைத் தள்ளி வைக்கிறேன், கைவிடவில்லை. இரண்டு நாள் என்பதை ஒரு பகல் என்று மாற்றிக்கொண்டேன். நான்காம் ஞாயிறு வரைபட நடை. காலை முதல் பேருந்தில் ஏறுங்கள், விடுமுறை நாளில் நேரம் ஆக ஆக மலைப்பாதையில் வண்டி சேர்ந்துவிடும். ஐந்து மணிக்குள் கீழே இறக்கிவிடுவது என் பொறுப்பு. எத்தனை பேர் வந்தாலும் நடப்பேன், யாரும் வராவிட்டாலும் நடப்பேன்.

ஐந்துரோடு

நான் வருகிறேன் தம்பி. மாடி அறையில் இரண்டாம் ஞாயிறு, மதியம் இரண்டு முதல் நாலரை. ஒரு சாவி பட்டறைக் கணக்கு அண்ணனிடம், ஒன்று என்னிடம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இரண்டு என்னிடம் இருக்கிறது.

ஆத்தூர் மாணவி

நாலரை என்றால் பேருந்துக்குச் சரியாக இருக்கும். என்னிடம் அக்காவுக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப் இருக்கிறது. இந்திய அரசு நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்து வந்தது, இப்போது இரண்டுமே எழவில்லை. கொண்டு வரட்டுமா? முதல் தடவை அம்மாவும் கூட வருவார்கள், பரவாயில்லையா?

செவ்வாய்ப்பேட்டை கணக்கு

தாராளமாகக் கூட்டி வாம்மா. சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வா. நாற்காலி 12தான் இருக்கிறது, மீதிப் பேருக்குப் பாய் விரித்துவிடுகிறேன்.