அம்மா போனில் டீ கொட்டிவிட்டது

தாய்வீடு குழு
ஞாயிறு

நான்: மாமா, அவசரம். அம்மா போன் மேல் டீ கொட்டிவிட்டது. தையல் மிஷின் மேல் வைத்திருந்த டம்ளரைக் குட்டிப் பயல் எட்டி இழுத்துவிட்டான். துணியால் துடைத்துவிட்டேன், போன் இன்னும் ஆனில்தான் இருக்கிறது.

சின்ன மாமா: உடனே ஆஃப் செய் பாப்பா. மற்றதெல்லாம் அப்புறம்.

சின்ன மாமா: ஆஃப் ஆனதும் அப்படியே விட்டுவிடு. வேலை செய்கிறதா என்று ஆன் செய்து பார்க்கக் கூடாது. சார்ஜர் பக்கமே போகாதே.

நான்: ஆஃப் செய்துவிட்டேன் மாமா.

பெரியம்மா: பிள்ளை மேல் டீ படவில்லையே?

நான்: இல்லை பெரியம்மா, ஆறின டீதான்.

பெரியம்மா: நல்லவேளை. போனை அரிசிப் பானைக்குள் புதைத்து வை. எதிர்வீட்டுப் பெண் அப்படித்தான் செய்தாள், பிழைத்துக்கொண்டது.

சின்ன மாமா: அக்கா, அரிசி வேண்டவே வேண்டாம். போனுக்குள் இருக்கிற சர்க்யூட் போர்டுக்கும் அதை மூடியிருக்கிற தகட்டுக்கும் நடுவில் நிற்கிற டீயை அரிசியால் இழுக்க முடியாது. அரிசித் தூசி சார்ஜர் ஓட்டைக்குள் போய் ஈரத்தில் பசையாகி இறுகிவிடும். என் போன் ரிப்பேர் கடையில் அதைச் சுரண்டி எடுத்தே கை ஓய்ந்திருக்கிறது. ஆப்பிள் கம்பெனியே 2024இல் அரிசிப் பையில் போடாதீர்கள் என்று எழுதியது.

அண்ணன்: ஹேர் டிரையர் பிடிக்கலாமா மாமா?

சித்தி: மாடி வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடுமே.

சின்ன மாமா: இரண்டுமே ஆபத்து. டிரையர் காற்று டீயை இன்னும் உள்ளே தள்ளும், சூட்டில் டிஸ்ப்ளே பசை இளகும். பேட்டரிக்கு வெயில் ஆகவே ஆகாது. ஃபேன் காற்று போதும்.

சின்ன மாமா: பாப்பா, சிம் டிரேயை வெளியே எடு. டார்ச் அடித்து அந்த இடுக்கில் பார். சின்ன வெள்ளை ஸ்டிக்கர் தெரிகிறதா?

நான்: வெள்ளையாக இல்லை மாமா, ரோஸ் கலரில் இருக்கிறது.

சின்ன மாமா: அப்படியென்றால் ஈரம் உள்ளே போயிருக்கிறது. தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற ஸ்டிக்கர் அது.

சின்ன மாமா: வெறும் தண்ணீராக இருந்தால் இவ்வளவு பயப்பட மாட்டேன். டீயில் பாலும் சர்க்கரையும் இருக்கிறது. ஈரம் காய்ந்தாலும் அந்தப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். போன் ஆஃபில் இருந்தாலும் பேட்டரியிலிருந்து போர்டுக்குக் கரண்ட் வரும். ஈரமும் கரண்டும் சேர்ந்தால் செம்பு பச்சை பூத்துவிடும். பேட்டரி கனெக்டரைக் கழற்றி, உள்ளே கழுவினால்தான் போன் பிழைக்கும்.

அம்மா (பாப்பா போனிலிருந்து): தம்பி, முகூர்த்தத்துக்குத் தைக்கிற பிளவுஸ் அளவெல்லாம் அதில் போட்டோவாகத்தான் இருக்கிறது. இங்கே போன் ரிப்பேர் கடையெல்லாம் இன்றைக்கு அடைத்திருக்கிறது. நீ எப்போது வருவாய்?

சின்ன மாமா: கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டேன் அக்கா, நாளை ராத்திரிதான் ஊர் திரும்புவேன். அதுவரை டீ காத்திருக்காது. உன் போன் பிளாஸ்டிக் முதுகு, வீட்டிலேயே திறக்கலாம். கண்ணாடி முதுகு ஒட்டின போனாக இருந்தால் கை வைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். பாப்பா செய்துவிடுவாள்.

அண்ணன்: நான் போய் ஸ்பிரிட் வாங்கி வருகிறேன். மெடிக்கலில் கிடைக்குமா?

சின்ன மாமா: ஐசோப்ரொபைல் ஆல்கஹால் என்று கேள். மெடிக்கலில் பெரும்பாலும் 70 சதவீதம்தான் இருக்கும், மீதி தண்ணீர். எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை திறந்திருந்தால் 99 வாங்கு. சானிடைசர் வேண்டாம், கிளிசரின் கலந்திருக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் கூடவே கூடாது, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

சின்ன மாமா: அது பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்து வை.

அண்ணன்: 99 கிடைத்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடை பழைய ஸ்க்ரூ டிரைவரும் இருக்கிறது.

சின்ன மாமா: நல்லது. பாப்பா, பழைய ஏடிஎம் கார்டை ஓரத்தில் நுழைத்து மெதுவாகச் சுற்றி வா. முதுகு விட்டதும் இழுத்துவிடாதே. விரல் ரேகை சென்சாரின் பட்டை முதுகோடு ஒட்டியிருக்கும், நூல் மாதிரி அறுந்துவிடும். புத்தகம் திறப்பது போல ஒரு பக்கமாகச் சாய்த்து, அந்தக் கனெக்டரை நகத்தால் நெம்பு.

நான்: வந்துவிட்டது மாமா. உள்ளே டீ வாசனை அடிக்கிறது.

சின்ன மாமா: ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுத்தாயோ அதே வரிசையில் ஒரு பேப்பரில் வை. எல்லாம் ஒரே நீளம் இல்லை. நீளமான ஸ்க்ரூவைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் போர்டைக் குத்தி உயிரை வாங்கிவிடும். மேல் மூடி வந்ததும் பேட்டரி கனெக்டரை நகத்தாலேயே தூக்கு, இரும்பு படக் கூடாது.

நான்: கழற்றிவிட்டேன்.

சின்ன மாமா: பேட்டரி உப்பியிருக்கிறதா? சுடுகிறதா?

நான்: இல்லை, தட்டையாக இருக்கிறது.

சின்ன மாமா: சரி. உப்பியிருந்தால் அதோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன். பேட்டரியை நெம்பாதே, அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். கீழே சார்ஜர் சொருகுகிற சின்ன போர்டைக் காட்டு.

நான்: 📷 போட்டோ

சின்ன மாமா: பார், சார்ஜர் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாகக் கறை. கனெக்டர் ஓரத்தில் பச்சைப் புள்ளி வேறு ஆரம்பித்துவிட்டது. மிருதுவான டூத் பிரஷ்ஷை ஆல்கஹாலில் நனைத்து ஒரே திசையில் தேய். பிரஷ்ஷை அடிக்கடி வெள்ளைத் துணியில் ஒற்று, துணியில் பழுப்பு வருவது நிற்கும் வரைக்கும் தேய்க்க வேண்டும். கேமரா, ஸ்பீக்கர் வலை, மைக் ஓட்டை, டிஸ்ப்ளே ஓரம் இங்கெல்லாம் ஆல்கஹால் போகவே கூடாது.

பெரியம்மா: நம் பாப்பா டாக்டர் மாதிரி உட்கார்ந்திருப்பாள்!

நான்: துணி வெள்ளையாகவே வருகிறது மாமா.

சின்ன மாமா: நன்றாகச் செய்திருக்கிறாய். பேட்டரியை மாட்டாமல் ராத்திரி முழுக்க ஃபேன் அடியில் திறந்து வை. அக்கா, சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டுக்கொள், ஓடிபி வரும். வாட்ஸ்அப்பை மட்டும் வேறு போனுக்கு மாற்றாதே. இதிலிருந்து பேக்கப் எடுத்த பிறகு பார்க்கலாம்.

திங்கள்

நான்: மாமா, ஆன் ஆகிவிட்டது!! டிஸ்ப்ளேயில் ஒரு கறைகூட இல்லை. பேட்டரி 41 காட்டுகிறது. ஆனால் சார்ஜர் போட்டால் ஏறவில்லை.

சின்ன மாமா: சார்ஜரை எடுத்துவிடு. அந்த 41 தீருவதற்குள் போட்டோ, காண்டாக்ட், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் பேக்கப் எடு. இன்று ஓடுகிற போன் அடுத்த மாதம் நிற்கலாம், தகட்டுக்கு அடியில் மிச்சம் இருக்கிற பிசுக்கு என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

அம்மா: தம்பி, அளவு போட்டோ எல்லாம் அப்படியே இருக்கிறது. பாப்பா அவள் போனுக்கும் அனுப்பிவிட்டாள். ஆனால் நான் பேசினால் எதிரில் இருப்பவர்களுக்குக் கரகர என்று கேட்கிறதாம்.

சின்ன மாமா: மைக்கும் சார்ஜிங்கும் அந்தச் சின்ன போர்டில்தான் இருக்கிறது அக்கா. அதைச் சிசி போர்டு என்போம். மாற்றினால் இரண்டும் சரியாகிவிடும். தகட்டைத் தூக்கி மெயின் போர்டையும் ஒரு தடவை கழுவிவிடுகிறேன். போனை ஆஃப் செய்து டப்பாவில் வைத்து, சாயங்கால பஸ்ஸில் பார்சல் போட்டுவிடு. பாப்பா, மாடல் நம்பரை இப்போதே அனுப்பு, போர்டு சொல்லி வைக்கிறேன்.

நான்: அனுப்பிவிட்டேன் மாமா.